விழுந்து எழுந்த அத்தையை நடக்க விடலாமா?

கேள்வி: எங்களுக்கு ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையிலுள்ள முக்கூடல். என் மாமியாருக்கு 74 வயது. அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இளவயது முதல் பீடி சுற்றியவர். பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மாமா இறந்த பிறகு இரவில் தூக்க மாத்திரையும் சேர்ந்துகொண்டது. ஐப்பசி மழையில், விடியுமுன் புறவாசல் கழிப்பறைக்கு எழுந்து போனவர் படியில் விழுந்துவிட்டார். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. ஆனாலும் பயந்துபோய் இப்போது கட்டிலை விட்டு இறங்குவதே அபூர்வமாகிவிட்டது. நடக்க விட்டால் மறுபடி விழுந்து இடுப்பு முறியும் என்று என் கணவரும் நாத்தனாரும் தடுக்கிறார்கள். கால்சியம் மாத்திரை கொடுத்தால் போதுமா? தை அமாவாசைக்கு ஆற்றில் முழுக வேண்டும் என்று வேறு கேட்கிறார், என்ன சொல்வது?

பதில்: உங்கள் கணவரின் பயம் நியாயமானதுதான். 65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பும் அதிகம். ஆனால் அந்தப் பயத்துக்கு உங்கள் கணவர் தேர்ந்தெடுத்திருக்கும் வைத்தியம் தவறு. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எந்த நோயும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து அளந்து பார்த்தபோது, கால்களில் மட்டும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான அளவு தசை கரைந்திருந்தது. நல்ல உடல்நலத்தோடு இருந்தவர்களுக்கே அந்த நிலை என்றால், சர்க்கரை நோயோடு வாரக்கணக்கில் கட்டிலில் இருப்பவருக்கு எவ்வளவு இழப்பு என்பதை நீங்களே ஊகிக்கலாம். ஆகவே அத்தையை நடக்க விட வேண்டும். அதோடு சேர்த்து, அவர் ஏன் விழுந்தார் என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். விழுந்ததால் என்ன முறிந்தது என்பதை மட்டுமே எக்ஸ்ரே சொல்லும்.

படி வழுக்கிவிட்டது என்றுதான் எல்லா வீடுகளிலும் சொல்வார்கள். அதே படியில் எத்தனையோ ஐப்பசி மழைகளில் அத்தை விழாமல் நடந்திருக்கிறார் என்பதால், அந்த விளக்கத்தோடு என்னால் நிறைவடைய முடியவில்லை. உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டவை விடியுமுன் எழுந்ததும், பிரஷர் மாத்திரையும், தூக்க மாத்திரையும்தான். படுத்திருப்பவர் எழுந்து நின்றவுடன் இரத்தம் கீழ்நோக்கி இறங்குகிறது. கால்களின் இரத்தக்குழாய்கள் சுருங்கியும் இதயம் சற்று வேகமாகத் துடித்தும் அதை ஈடு செய்ய வேண்டும். வயது கூடக்கூட, நெடுநாள் சர்க்கரையால் நரம்புகள் பழுதாகும்போது, பிரஷர் மாத்திரையும் உள்ளே இருக்கும்போது, அந்த ஈடு தாமதமாகிறது. அந்தச் சில நொடிகளில் மூளைக்கு இரத்தம் குறைந்து கண் இருட்டிக் கால் தடுமாறுகிறது. இதைக் கண்டறியச் செலவே இல்லை. ஐந்து நிமிடம் படுக்க வைத்து இரத்த அழுத்தத்தை அளந்து, பிறகு நிற்க வைத்து ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் காரணம் பெரும்பாலும் கைக்கு வந்துவிட்டது. பெரும்பாலான இடங்களில் நாற்காலியில் உட்கார வைத்து மட்டுமே அளக்கிறார்கள் என்பதால், நிற்க வைத்தும் பார்க்கும்படி நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கேட்கப் போகும்போது, வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தூக்க மாத்திரையின் மயக்கம் வயதானவர்களின் உடலில் விடியும்வரையும் அதற்கு மேலும் தங்குகிறது. 1999இல் நியூசிலாந்தில் நடந்த சோதனையில், தூக்கத்துக்கும் மனநிலைக்குமான மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்தவர்களிடம் விழுதல்கள் 66 சதவீதம் குறைந்தன. ஆனால் ஆய்வு முடிந்த ஒரு மாதத்துக்குள் அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மீண்டும் மாத்திரைக்குத் திரும்பிவிட்டார்கள் என்பதையும் அதே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள்; மருத்துவர் சொல்லும் அளவில் வாரக்கணக்கில் குறையுங்கள். மாமாவின் மறைவுக்குப் பிறகு தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் துக்கத்துக்குப் பேச்சுத்துணை எவ்வளவு தேவைப்பட்டது என்பதை யாராவது பார்த்தார்களா என்றும் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

சர்க்கரை மாத்திரையிலும் கவனம் வேண்டும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவை, விரதம் இருந்தாலோ இரவு உணவைக் குறைத்தாலோ, விடியற்காலையில் சர்க்கரையை மிகவும் தாழ்த்திவிடக்கூடும். மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 சத்து குறைந்து, ஏற்கெனவே சர்க்கரையால் மரத்துவரும் பாதம் மேலும் உணர்விழக்கலாம். தரை காலுக்குத் தெரியாதவருக்கு நடை தள்ளாடும். இவை எல்லாமே மாற்றக்கூடியவை.

கண்ணையும் பார்த்துவிடுங்கள். கண்புரை இருந்து முதல் கண்ணில் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் செய்துகொண்டவர்களிடம் விழுதல் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை 2005இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வு காட்டியது.

கால்சியம் மாத்திரை விழுவதைத் தடுக்காது. எலும்புத் தேய்மானம் உறுதியானால் அதற்குத் தனி மருந்து உண்டு. மருத்துவர் சொன்னால் கொடுங்கள். வைட்டமின் டி நல்லதுதானே என்று பெரிய அளவை மொத்தமாகக் கொடுப்பது மட்டும் வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வில், 70 வயதைக் கடந்த பெண்கள், மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட அதிகம் விழுந்தார்களே ஒழிய, குறையவில்லை.

விழுவதைக் குறைக்கும் என்று மிக உறுதியாகச் சொல்லத்தக்கது உடற்பயிற்சிதான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2019இல் 108 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், பயிற்சி செய்தவர்களிடம் விழுதல் 23 சதவீதம் குறைந்திருந்தது. இங்கே பயிற்சி என்பது காலுக்கு வலுவும் உடலுக்குச் சமநிலையும் தரும் பயிற்சி. வெறுமனே தெருவில் நடந்துவருவதற்கு அவ்வளவு பலன் இருப்பதாகத் தெளிவாகவில்லை. சுளகை மடியில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தரையில் உட்கார்ந்து பீடி சுற்றியவர்களுக்கு விரல்கள் உழைத்த அளவுக்குத் தொடைகள் உழைத்திருப்பதில்லை. முழங்கால் தேய்மானமும் பலருக்குச் சேர்ந்திருக்கும். எனவே தொடையிலிருந்து தொடங்குங்கள்.

கை வைத்த, கனமான மரநாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சறுக்கும். அத்தை அதன் முன்பாதியில் உட்கார்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு முழங்காலைத் தாண்டும்படி முன்னால் சாய்ந்து எழ வேண்டும். எழுந்ததும் மூன்று எண்ணும்வரை நின்று, தொப்பென்று விழாமல் மெதுவாக அமர வேண்டும். முதலில் கைப்பிடியை ஊன்றிக்கொள்ளலாம். ஐந்து முறை போதும். வலு வந்த பிறகு கைகளை மார்பில் கட்டிக்கொண்டு முப்பது நொடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணுங்கள். அவர் வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் கீழே போனால் குறைவு என்பது அமெரிக்க அளவுகோல்; நம் பெண்களுக்கு அதை அப்படியே சட்டமாக்க வேண்டியதில்லை, மாதாமாதம் அவருடைய எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்த்தால் போதும். அடுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துவது, பிறகு ஒற்றைக்காலில் பத்து நொடி நிற்பது. நிற்கும் பயிற்சிகளைத் தொடங்கும்போது யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்காகக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், பிடித்துக்கொள்வது அவராகவே இருக்கட்டும். தசைக்குப் புரதமும் வேண்டும்: உளுந்தங்களியில் கருப்பட்டி சேர்வதால் அதைவிட உளுந்தம்பருப்புச் சோறும், சாப்பிடுவார் என்றால் முட்டையும் அவருக்குப் பொருந்தும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை, புறவாசல் படியின் பாசியைத் தேய்த்துக் கழுவி, பக்கத்தில் ஒரு கைப்பிடிக் கம்பியும், கட்டிலிலிருந்து எட்டும் தூரத்தில் விளக்கு சுவிட்சும் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மழைக்காலம் முடியும்வரை இரவுக்கு மட்டும் கட்டிலருகே கமோடு நாற்காலி போடுங்கள். எழும்போது கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கால்களை ஆட்டிவிட்டு எழச் சொல்லுங்கள். ஹவாய்ச் செருப்புக்குப் பதில் பின்புறம் வார் உள்ள செருப்பைப் போடட்டும்.

இதற்கெல்லாம் ஆள் இல்லை என்றால், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தையின் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

தை அமாவாசை ஆசையை மறுக்காதீர்கள். பயிற்சிக்கு அதைவிட நல்ல தூண்டுகோல் எனக்குத் தெரியாது. அதற்குள் வீட்டுப் படியில் துணையில்லாமல் ஏறி இறங்கத் தொடங்கிவிட்டால், கூட்டம் வருமுன் அழைத்துச் செல்லுங்கள். நீரோட்டத்தில் இறங்கி முழுக வேண்டாம். படித்துறையில் பாசியில்லாத படியில் உட்கார வைத்து, இருபுறமும் ஆள் இருக்க, செம்பில் மொண்டு ஊற்றினாலும் அது ஆற்றுக் குளியல்தான். ஆற்றில் வெள்ளம் இருந்தால் அதுவும் வேண்டாம்.

கடைசியாக ஒன்றை உடனே கவனியுங்கள். விழுந்தபோது தலையில் அடிபட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. வயதானவர்களுக்கு, அதிலும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு, மூளையின் மேலுறைக்கு அடியில் மெல்ல இரத்தம் கசிந்து, வாரங்கள் கழித்துத்தான் வெளியே தெரியக்கூடும். கட்டிலை விட்டு இறங்காததற்குப் பயம்தான் காரணம் என்று முடிவு செய்யுமுன், புதிதாகத் தலைவலி, பகலில் ஓயாத தூக்கம், பேச்சில் குழப்பம், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி ஆகியவற்றில் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தொடங்காமல், அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று தலைக்கு சிடி ஸ்கேன் எடுக்கக் கேளுங்கள்.