அந்த ஆயிரம் வரியை யார் படிப்பது?

வணக்கம் சார்,

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. எங்கள் டீமில் ஷெல் ஸ்கிரிப்டுகளை இப்போது பேஷ்லி வைத்துத்தான் கட்டுகிறோம். கட்டளைகளை யாம்ல் கோப்பில் எழுதி, மாட்யூல்களைத் தனித்தனியாக வைத்தால் ஒரே ஸ்கிரிப்டாகச் சேர்த்துத் தந்துவிடுகிறது. இதுவே போதுமா, இதே மாதிரியான இன்னொரு கருவியான ஆர்க்பேஷுக்கு மாறலாமா? நண்பனின் மேக் கணினியில் ஸ்கிரிப்ட் ஓடமாட்டேன் என்கிறது, ஏன்? உருவாகும் கோப்பு ஆயிரம் வரிக்கு மேல் போகிறது, நாங்கள் திறந்தே பார்ப்பதில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லைதானே?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள தம்பிக்கு,

எந்தக் கருவி என்பதில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை, கைக்குப் பழகியதை வைத்துக்கொள்ளுங்கள். மேக்கோடு வரும் பேஷ் ஷெல் இன்றும் 3.2தான். பேஷ்லியின் ஸ்கிரிப்ட் நம்பியிருக்கும் அசோசியேட்டிவ் அர்ரே (எண்ணுக்குப் பதில் பெயரை வைத்து மதிப்பை எடுக்கும் பட்டியல்) 2009இல் பேஷ் 4இல்தான் வந்தது. மேக்கில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூவில் புதிய பேஷ் போடச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.

போகிறபோக்கில் கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன், கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம். தம்பி, சர்வரில் ஓடுவது உங்கள் யாம்ல் இல்லை, அந்த ஆயிரம் வரி. அதைத் திறந்தே பார்ப்பதில்லை என்று எப்படி இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறீர்கள்?

ஷெல்லுக்கு மாட்யூல் என்ற ஒன்றே தெரியாது. துண்டுகளை ஒட்டியதும் எல்லாம் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. ஒன்றில் லோக்கல் போடாமல் விட்ட மாறியை இன்னொன்று மாற்றிவிடும், ஒன்று சிடி (cd) போட்டு டைரக்டரி மாறினால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் அந்த டைரக்டரியில்தான் ஓடும்.

முன்பு ஒரு நிறுவனத்தில் இரவு பேக்கப் ஸ்கிரிப்டை இப்படித்தான் கட்டிவந்தார்கள், கருவி என்றால் அப்போது ஒரு மேக்ஃபைலும் (Makefile) கோப்புகளை ஒட்டும் கேட் (cat) கட்டளையும்தான். ஒரு துண்டு, ஒரே நேரத்தில் இரண்டு முறை ஓடாமலிருக்க லாக் (lock) கோப்பை உருவாக்கி, முடியும்போது அழிப்பதற்கு எக்ஸிட்டில் ட்ராப் (வெளியேறும்போது இதைச் செய் என்று ஷெல்லிடம் சொல்லிவைப்பது) போட்டிருந்தது. இன்னொரு துண்டு தற்காலிக டைரக்டரியை அழிக்க, அதுவும் எக்ஸிட்டில் ட்ராப். ஒரு ஷெல்லில் எக்ஸிட்டுக்கு ஒரு ட்ராப்தான் நிற்கும், பின்னால் வருவது முன்னதை அடித்துவிடும். லாக் கோப்பு அப்படியே கிடந்தது. மறுநாளிலிருந்து ஸ்கிரிப்ட் அதைப் பார்த்து 'ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது' என்று நினைத்து, வெற்றி என்று பொருள்படும் பூஜ்யத்தோடு சமத்தாக வெளியேறியது. கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சை, பேக்கப் மட்டும் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு துண்டிலும் குறை சொல்ல ஒன்றும் கிடையாது! ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருந்த ஒரு சீனியர், கட்டி முடித்த ஸ்கிரிப்டைப் பிரிண்ட் எடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து மேலிருந்து கீழே படித்தார். இரண்டாவது ட்ராப்பில் பென்சில் நின்றது. நான் ஷெல் கற்றது அவரிடம்தான், இன்றைக்கும் அவரை நினைக்காமல் ட்ராப் எழுதியதில்லை.

இது ஏதோ பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். எம்4 மேக்ரோக்களைச் சேர்த்து, மென்பொருளை நிறுவும் முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டைக் கட்டும் ஆட்டோகான்ஃப் 1991இலிருந்து இருக்கிறது, அது கட்டித்தரும் நீண்ட ஸ்கிரிப்டை யாரும் படிப்பதில்லை என்பது ஊரறிந்த சங்கதி. 2024இல் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் (xz) மென்பொருளின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் பின்கதவு வைத்தவர்களும் அதைத்தான் நம்பினார்கள். திரிக்கப்பட்ட எம்4 கோப்பு, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் (git) இல்லை, வெளியிட்ட டார்பால் என்ற கோப்புத் தொகுப்பில் மட்டும் இருந்தது. அது வெளியே வந்ததுகூட யாரோ கான்ஃபிகரைப் படித்ததால் அல்ல, தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருளாளர் விடாமல் துருவியதால்.

நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். முழுதாக ஒருமுறை படியுங்கள், ஒரு மத்தியானம் போகும், போகட்டும். அப்புறம் அந்தக் கோப்பையும் கிட்டில் சேர்த்துவிட்டு, ஜெனரேட் செய்யும்போதெல்லாம் டிஃப் (பழையதற்கும் புதியதற்குமான வித்தியாசம்) பாருங்கள், மாறிய வரிகள் மட்டும்தான் கண்ணில் படும். ஸ்கிரிப்டில் தவறு தேடும் ஷெல்செக் ஓட்டுவது நல்லது, ஆனால் அதை ஓட்டியதால் நீங்கள் படித்ததாக ஆகிவிடாது. இன்று வீட்டுக்குக் கிளம்பும் முன் அந்தக் கோப்பில் ட்ராப் (trap) என்ற சொல்லைத் தேடி ஒரு கிரெப் போடுங்கள். எக்ஸிட் இரண்டு இடத்தில் வந்தால் இரண்டையும் ஒரே க்ளீனப் ஃபங்ஷனுக்குள் கொண்டுவந்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.