வாசகர் கேள்வி பதில்: உதயகிரிக் கோட்டையின் இலத்தீன் கல்

கேள்வி (தக்கலை வாசகி): புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் உள்ள தளபதி டிலனாயின் கல்லறையில் தமிழோடு இலத்தீனும் பொறித்திருக்கிறார்கள். கல்லூரியில் வட்டெழுத்து கற்ற எனக்கு இலத்தீன் தெரியாது. கிரேக்க, இலத்தீன் கல்வெட்டுகளை வாசிக்க என்னால் கற்க முடியுமா? இன்னொரு ஐயம்: டிலனாய் 37 ஆண்டு திருவிதாங்கூர் மன்னருக்குப் பணி செய்ததாக அந்தக் கல் சொல்கிறதாம். டச்சுப் படையில் வந்த அவர் பிடிபட்ட குளச்சல் போர் 1741இல் நடந்தது. இறந்தது 1777 ஜூன் 1. கணக்கு 36 தானே?

பதில்: ஆண்டுக் கணக்கை முதலில் தீர்த்துவிடுவோம். கல்லில் 37 என்ற உரோமானிய எண்ணை அடுத்து ‘ஃபெர்மே’ என்றொரு சொல் நிற்கிறது. ‘ஏறத்தாழ’ என்பது அதன் பொருள். தவிரவும், தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்தே எண்ணுவது பழைய உரோமர் வழக்கம். 1741ஐயும் 1777ஐயும் சேர்த்து எண்ணிப் பாருங்கள், 37 வந்துவிடும். கொல்லம் ஆண்டோடு 824ஐக் கூட்டுவதா 825ஐக் கூட்டுவதா என்று மாதத்தைப் பார்த்து முடிவு செய்யப் பழகிய உங்களுக்கு இது புதிதாக இராது.

அந்தக் கல் 18ஆம் நூற்றாண்டினது என்றாலும், அதன் வாசகம் பழைய உரோமானிய வழக்கில் ஊறியது. ‘சிஸ்தே வியாதோர்’, அதாவது ‘வழிப்போக்கனே, நில்’ என்று தொடங்குகிறது. கோட்டைக்குள் இருக்கும் ஒரு கல்லறை வழிப்போக்கனை ஏன் அழைக்க வேண்டும்? ஊருக்குள் பிணத்தைப் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்று உரோமின் பன்னிரு பலகைச் சட்டம் தடுத்திருந்தது; அதனால் அங்கே கல்லறைகள் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலைகளின் இரு மருங்கிலும் எழுந்தன, அவ்வழியே போகிறவனைக் கூப்பிட்டு நிறுத்திப் பேசுவது கல்லறைக் கற்களின் மரபாயிற்று. அந்தச் சாலைகள் இல்லாத வேணாட்டுக்கும் அந்த விளி வந்து சேர்ந்திருக்கிறது. ‘வாழ்ந்தது 62 ஆண்டு 5 மாதம்’ என்ற வரியும் பழைய உரோமானியக் கல்லறைகளில் ஆயிரக்கணக்கில் காணப்படும் வாய்பாடுதான். ‘அமைதியில் இளைப்பாறுவாராக’ என்ற முடிவு மட்டும் கிறித்தவ மரபு.

வாய்பாடு என்று சொன்னேனே, இலத்தீன் கல்வெட்டுப் பயிற்சியில் பெரும்பகுதி அதுதான். ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று கண்டதும் அடுத்து அரசன் பெயரையும் ஆட்சியாண்டையும் உங்கள் கண் தேடுமல்லவா? அதுபோல, கல்லறையின் தலையில் டி, எம் என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் ‘இறந்தோரின் ஆவித்தெய்வங்களுக்கு’ என்று விரித்துக்கொள்ள வேண்டும். ஒரு பலிபீடத்தின் அடியில் வி, எஸ், எல், எம் என்று நான்கு எழுத்துகள் மட்டும் நின்றால், ‘வேண்டுதலை மனமுவந்து, தக்கபடி நிறைவேற்றினான்’ என்பது அதன் விரிவு. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் அது ஒரு நேர்ச்சைக் கல். ‘யு’ என்ற தனியெழுத்து அக்காலத்தில் இல்லை. ‘வி’ என்ற ஓரெழுத்தே உயிராகவும் மெய்யாகவும் நிற்கும். புள்ளியிடாத தமிழ்க் கல்லில் எது மெய், எது உயிர்மெய் என்று இடம் பார்த்துப் படித்தவருக்கு இது எம்மாத்திரம்?

இலக்கணம் கற்காமல் இது நடக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குருமடத்தில் இலத்தீன் பயின்ற மூத்த பங்குத்தந்தையர் நம் மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். வேற்றுமை உருபுகளையும் வினைமுற்றுகளையும் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதன்பின் ஜெர்மன் வரலாற்றறிஞர் மொம்சன் முன்னின்று 1853இல் பெர்லினில் தொடங்கிய இலத்தீன் கல்வெட்டுப் பெருந்தொகுதி இருக்கிறது. அதில் ஏறத்தாழ 1,80,000 கல்வெட்டுகள் பதிவாகியுள்ளன.

கேள்வி (பூதப்பாண்டி வாசகர்): கிரேக்கக் கல்வெட்டுகளில் உடைந்துபோன இடங்களையும் அறிஞர்கள் நிரப்பிப் படிக்கிறார்களாம். அதை எப்படி நம்புவது?

பதில்: நிரப்பியது எது, கல்லில் உள்ளது எது என்று பிரித்துக் காட்டியிருந்தால் மட்டும் நம்பலாம். 1931இல் லெய்டன் நகரில் இதற்கென்றே குறியீடுகளை வகுத்தார்கள். உடைந்த இடத்தில் பதிப்பாசிரியர் ஊகித்துச் சேர்த்தது சதுர அடைப்புக்குள் வரும்; சுருக்கத்தை விரித்தது வளைந்த அடைப்புக்குள் வரும்; ஐயத்துக்குரிய எழுத்தின் அடியில் புள்ளி வைப்பார்கள்; வேண்டுமென்றே செதுக்கி அழித்ததற்கு இரட்டைச் சதுர அடைப்பு. கடைசிக் குறிக்கு வேலை நிறையவே உண்டு. உரோமப் பேரரசன் கராகல்லா தன் தம்பி கெட்டாவைக் கொன்றபின், பேரரசு முழுவதும் கற்களில் தம்பியின் பெயரைச் செதுக்கி எடுக்கச் செய்தான். அவர்களின் தந்தை செவெருஸின் பெயரில் உரோமில் 203இல் எழுந்த வளைவில் அந்த வடுவை இன்றும் பார்க்கலாம்.

ஊகத்துக்குக் கல்லே துணை நிற்பதும் உண்டு. கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்சில் பல கற்களைக் கட்டம் போட்டாற்போல, ஒவ்வோர் எழுத்தும் மேல்வரியின் எழுத்துக்கு நேர்கீழே நிற்கும்படி வெட்டினார்கள். சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. ஆனால் உடைந்த இடத்தில் எத்தனை எழுத்துகள் இருந்தன என்று எண்ணிவிடலாம். ஏழு எழுத்து இடத்தில் ஒன்பது எழுத்துப் பெயரை நுழைக்க எவராலும் முடியாது.

அதற்கும் முந்தைய கிரேக்க முறை ஒன்று நாஞ்சில் நாட்டாருக்குப் பிடிக்கும். ஒரு வரி வலமிருந்து இடமாக ஓடும், அடுத்தது இடமிருந்து வலமாகத் திரும்பும், எழுத்துகளும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் முகம் மாறும். அந்த முறைக்கு அவர்கள் இட்ட பெயரின் பொருள், ‘உழவு மாடு திரும்புவதுபோல்’. கிரீட் தீவின் கோர்த்தின் நகரில் வாரிசுரிமையையும் மணவிலக்கையும் பேசும் நீண்ட சட்டம் இப்படித்தான் பன்னிரண்டு பத்திகளில் வெட்டப்பட்டிருக்கிறது.

படியெடுக்கும் முறையும் ஏறக்குறைய நம்முடையதே. ஈரத் தாளைக் கல்லின்மேல் விரித்துத் தூரிகையால் தட்டுவார்கள். நாம் அதன்மேல் மை ஒற்றி மைப்படி எடுக்கிறோம், அவர்கள் மையில்லாமல் காயவைத்து உரித்து, பின்புறம் புடைத்து நிற்கும் எழுத்துகளைப் படிக்கிறார்கள்.

கேள்வி (குளச்சல் வாசகர்): எழுத்துத் தெளிய கல்லின்மேல் சுண்ணாம்பு தேய்க்கலாமா?

பதில்: கூடாது. இருட்டிய பின் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், போதும்.

கேள்வி (கன்னியாகுமரி வாசகி): நம் கடல்வழியோடு தொடர்புடைய கிரேக்க, இலத்தீன் கற்கள் உண்டா?

பதில்: குமரியின் பெயரைப் பழைய கிரேக்கப் புவியியலறிஞர் தாலமி முதலியோரின் நூல்களில் காண்கிறோம். கற்களைத் தேட, அந்த வணிகப் பாதையின் மறுமுனையான எகிப்துக்குப் போக வேண்டும். நைல் ஆற்றங்கரையிலுள்ள கோப்தோசிலிருந்து செங்கடல் துறைமுகமான பெரெனிகேவுக்குப் போகும் பாலைவழியில், பாறையொதுங்கிடம் ஒன்றில் அன்னியுஸ் புளோகாமுஸ் என்பவரின் அடிமை லூசாஸ், தான் அங்கு வந்ததை கி.பி. 6ஆம் ஆண்டு ஜூலையில் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் கீறிவைத்திருக்கிறான். இதே பெயருள்ள செங்கடல் வரிக் குத்தகைதாரர் ஒருவரின் ஆள் காற்றில் அடிபட்டு இலங்கை போய்ச் சேர்ந்த கதையை உரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார்.

கோப்தோசில் கிடைத்த இன்னொரு கிரேக்கக் கல், கி.பி. 90இல் அந்தப் பாதைக்கு விதித்த சுங்கப் பட்டியல். செங்கடல் கப்பலின் சுக்கானிக்கு 8 திரக்மா (கிரேக்க வெள்ளி நாணயம்), மாலுமிக்கு 5, பாய்மரம் ஒன்றுக்கு 20. சிப்பாயின் மனைவி கடந்து போகவும் அதே 20தான்.