மெல்போர்ன்ல முதல் கிறிஸ்துமஸா? முதல்ல இருட்டு எப்போன்னு பாருங்க

மார்ச்ல மெல்போர்ன் வந்திருக்கோம், பொண்ணுக்கு ஆறு வயசு, டிசம்பர்ல இங்க வெயில் கொளுத்துமாமே, ஊர்ல செஞ்ச மாதிரி கிறிஸ்துமஸ் செய்ய முடியுமா, இல்ல நாலஞ்சு வருஷத்துல எல்லாம் மறந்து போயிருமான்னு கேட்டிருந்தீங்க. நான் நாகர்கோவில்காரி, 2007ல வந்தேன், ரெண்டு பிள்ளைங்க. தங்கச்சின்னே கூப்பிடுறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

வெயில் ஊர்லருந்துதானே வந்திருக்கோம், இதென்ன பெரிய வெயில்னு நெனப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா நம்ம கிறிஸ்துமஸ் வர்றது மார்கழில இல்லையா. காலைல நாலு மணிக்கு எழுப்பி, தலைல பனி இறங்கிரும்னு துண்டக் கட்டி, இருட்டுக்குள்ள கோயிலுக்கு நடத்திக் கூட்டிட்டு போவாங்க, வழியெல்லாம் ஸ்டார் எரியும். இங்க அதே தேதி கத்திரி வெயில்ல வருது. காலண்டர்ல தேதி ஒண்ணுதான், மத்தது எல்லாமே தலைகீழ்.

முதல் வருஷம் நான் ஒண்ணையும் விட்டுக் கொடுக்கல. பட்டுச்சேலை, மத்தியானம் மட்டன் பிரியாணி, ஏசி இல்லாத வாடகை வீடு, பன்னெண்டு பேரு விருந்துக்கு. பிரியாணி நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஒருத்தராலயும் சாப்பிட முடியல, எல்லாரும் தயிர்ப்பச்சடிய மட்டும் வழிச்சு வழிச்சு சாப்பிட்டுட்டு தரைல படுத்துட்டாங்க. அதுக்கப்புறம் மூணு நாலு வருஷத்துல மெல்ல மெல்ல மாறிடுச்சு, யாரும் உக்காந்து பேசி முடிவு பண்ணல. பிரியாணி 24ஆம் தேதி ராத்திரிக்குப் போச்சு. 25 மத்தியானம் அவிச்சு ஆறவச்ச இறால், ஹாம், சாலட், அப்புறம் மாம்பழம். ஆமா மாம்பழம், இங்க சீசனே அப்பதான், குயின்ஸ்லாந்துலருந்து பெட்டி பெட்டியா வரும். எங்க அம்மாகிட்ட போன்ல சொன்னப்ப கிறிஸ்துமஸுக்கு மாம்பழமாடின்னு ரெண்டு தடவ கேட்டாங்க.

பலகாரம் விடல, ஆனா சுடுற நேரம் மாறிடுச்சு. இங்க வடக்கு காத்து அடிச்சா அடுப்பு பக்கமே போக முடியாது, நாப்பது டிகிரி கூட தொடும், அப்புறம் திடீர்னு தெற்குலருந்து காத்து திரும்பும், கூல் சேஞ்ச்னு சொல்வாங்க, ஒரு மணி நேரத்துல பத்து பதினஞ்சு டிகிரி இறங்கிரும். டிசம்பர் முதல் ரெண்டு வாரமும் நான் வானிலை பாத்துட்டே இருப்பேன், அது எந்த ராத்திரி வருதோ அன்னிக்குத்தான் அச்சு முறுக்கு. பக்கத்து வீட்டு கிரேக்கப் பாட்டிக்கு ஒரு தட்டு கொடுத்தேன், நம்ம ஊர் மாதிரியே தட்ட வெறுமனே திருப்பல, சீனி மாவு தூவின அவங்க ஊர் பிஸ்கெட் வச்சு தந்தாங்க, இன்னிக்கு வரைக்கும் அந்தத் தட்டு போயிட்டும் வந்துட்டும்தான் இருக்கு. ஊர்லருந்து யாராவது பலகாரம் கொண்டு வர்றதா இருந்தா ஏர்போர்ட் கார்டுல கண்டிப்பா டிக்ளேர் பண்ணச் சொல்லுங்க, பால் சாமான்லாம் இங்க ரொம்ப கெடுபிடி, மறைச்சா ஃபைன்.

போனது என்னன்னா, வெடி போச்சு. மெல்போர்ன் இருக்குற விக்டோரியா மாநிலத்துல லைசன்ஸ் இல்லாம வெடி வெடிக்கக் கூடாது, காட்டுத்தீ பாக்குற ஊரு, அதுல நியாயம் இருக்கு. காட்டுத்தீ பயத்துல வெளிய தீ மூட்டவே தடை போடுவாங்க, டோட்டல் ஃபயர் பேன்னு பேரு, அது போட்ட நாள்ல கரி அடுப்பு பார்பிக்யூ கூட மூட்டக்கூடாது, அதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. வீடு வீடா கேரல் ரவுண்ட்ஸும் போச்சு. ரெண்டு வருஷம் போய்ப் பாத்தோம், ராத்திரி எட்டு மணிக்கு சுள்ளுன்னு வெயில் அடிக்குது, சான்டா வேஷம் போட்ட அண்ணனுக்கு முகமூடிக்குள்ள வேர்த்து ஊத்துது, கதவத் திறந்த ஒரு ஆளு நன்கொடை கேக்குறாங்கன்னு நெனச்சு பர்ஸ எடுத்துட்டாரு. அதுக்குப் பதிலா இங்க கேரல்ஸ் பை கேண்டில்லைட் இருக்கு, திறந்தவெளில மெழுகுவர்த்தி வெளிச்சத்துல எல்லாரும் உக்காந்து கேரல் பாடுறது, 1938ல நார்மன் பேங்க்ஸ்னு ஒரு ரேடியோ அறிவிப்பாளர் மெல்போர்ன்லதான் ஆரம்பிச்சாரு, இப்போ சிட்னி மையர் மியூசிக் பவுல்ல 24ஆம் தேதி ராத்திரி நடக்குது, டிவிலயும் வரும். டிசம்பர் பூரா உங்க ஏரியா பார்க்குலயே சின்னச் சின்னதா நடத்துவாங்க. பாய், தண்ணி, கொசு மருந்து எடுத்துட்டுப் போங்க. பொண்ணுக்கு ரொம்பப் பிடிக்கும்.

சீட்டுல பேர் வந்தவங்களுக்கு யாருன்னு சொல்லாம பரிசு கொடுப்போமே, நம்ம காலேஜ் கிறிஸ்மா-கிறிஸ்சைல்ட் விளையாட்டு, அது இங்க ஆபீஸ்ல கிரிஸ் கிரிங்கிள்னு நடக்கும், சீட்டுல பேர் எடுக்குறது எல்லாம் அதேதான், முழிக்காதீங்க.

பஞ்சு விஷயம் ஒண்ணு சொல்லியே ஆகணும். ஊர்ல மரத்துல பஞ்சப் பிச்சுப் பிச்சு வைப்போம்ல, அதே மாதிரி இங்கயும் வச்சேன். பையன் இது என்னன்னு கேட்டான். ஸ்னோன்னு சொன்னேன். நீங்க பாத்திருக்கீங்களா? இல்லடா. நம்ம ஊர்ல விழுமா? இல்ல. இங்க கிறிஸ்துமஸுக்கு விழுமா? இல்ல. அப்புறம் ஏன் வைக்கிறோம்? அவனுக்கு அப்போ நாலு வயசு, என்கிட்ட பதில் இல்ல. அந்த வருஷம் 2011, கிறிஸ்துமஸ் அன்னிக்கே மெல்போர்ன்ல பயங்கரமா ஆலங்கட்டி மழை, எங்க முற்றம் கொஞ்ச நேரம் வெள்ளையாவே கெடந்துச்சு, கார் கூரை எல்லாம் குழி குழியா ஆயிருச்சு, வீட்டுக்காரரு தலைல கை வச்சு உக்காந்திருக்காரு, இவன் ஒரு கட்டியக் கைல எடுத்துட்டு வந்து அம்மா பஞ்சு வந்திருச்சுங்குறான். இப்பவும் பஞ்சு வைக்கிறோம், இப்போ அதுக்கு எங்க வீட்டுல ஆலங்கட்டின்னுதான் பேரு.

எனக்கு உண்மையிலே வலிச்சது ஸ்டார்தான். ஊர்லருந்து மடக்குற பேப்பர் ஸ்டார் கொண்டு வந்து வாசல்ல தொங்க விட்டேன். இங்க அக்டோபர் முதல் ஞாயிறு கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிருவாங்க, கிறிஸ்துமஸ் சமயத்துல சூரியன் மறையவே எட்டே முக்கால் ஆயிரும், நல்லா இருட்ட ஒன்பதரை ஆகும். பிள்ளைங்க தூங்கின பிறகு யாருக்காக ஸ்டார் எரியணும்? ரெண்டு மூணு வருஷம் அத பெட்டிலருந்தே எடுக்கல.

அப்புறம் ஒரு டிசம்பர் எங்க அம்மா வந்து எங்ககூட இருந்தாங்க. அச்சு முறுக்கு அச்ச புடவைக்குள்ள சுத்திக் கொண்டு வந்தவங்க, ஸ்டாரையும் தேடி எடுத்து மாட்டிட்டாங்க. 25ஆம் தேதி காலைல ஏதோ சத்தம் கேட்டு எழும்பிப் பாத்தா மணி நாலேகால், வாசல்ல ஸ்டார் எரியுது, அம்மா குளிச்சு முடிச்சு கேம்ப்பிங் சேர்ல உக்காந்து தன்னால கீர்த்தனை பாடிட்டு இருக்காங்க. தெருவே இருட்டு. காத்து ஜில்லுனு இருந்துச்சு, பகல் எவ்வளவு சுட்டாலும் இங்க விடியக்காலைல பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். சூரியன் உதிக்க ஆறு மணி ஆகும்ல, இத்தன வருஷம் எனக்கு இது தோணவே இல்ல பாருங்க, ராத்திரியே இருட்டத் தேடிட்டு இருந்திருக்கேன். பிள்ளைங்கள எழுப்பிட்டு வந்தேன், போர்வையோட வந்தாங்க, அம்மா காபி போட்டாங்க, அஞ்சு பேரும் வாசல்ல உக்காந்து ஜெபம் பண்ணினோம்.

அதுலருந்து அது எங்க வீட்டு வழக்கம் ஆயிருச்சு. சர்ச் ஒன்பது மணிக்குத்தான், ஆனா நாலரைக்கு ஸ்டார், காபி, போன வருஷத்து மிச்ச ஞாபகம் எல்லாம் பேசி முடிக்கிறதுக்குள்ள வெளுத்திரும். போன கிறிஸ்துமஸுக்கு பையன் ஃப்ரெண்ட்ஸோட சுத்திட்டு ஒரு மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தான், இவன் எங்க எழும்பப் போறான்னு நெனச்சேன். கதவுல சீட்டு ஒட்டியிருந்தான், நாலரை, மறக்காதீங்கன்னு.

அதனால முதல் வருஷமே பட்டியல் போட்டு எல்லாத்தையும் இழுத்துப் பிடிக்காதீங்க தங்கச்சி. 25ஆம் தேதி பெரிய கடை எல்லாம் மூடியிருக்கும், தயிர், பால், ஐஸ் முன்னாடியே வாங்கிருங்க. டிரெயின், பஸ், டிராம் அன்னிக்கு ஃப்ரீ. அடுத்த நாள் பாக்ஸிங் டே டெஸ்ட் மேட்ச், எம்சிஜின்னு இங்க இருக்குற பெரிய கிரிக்கெட் மைதானத்துல, வீட்டுக்காரர் கிரிக்கெட் பாக்குறவர்னா அன்னிக்கு அவர்கிட்ட ஒரு வேலையும் சொல்லாதீங்க. அச்சு முறுக்கு அச்சு என்கிட்ட ரெண்டு இருக்கு, அம்மா கொண்டு வந்த பழசு எனக்கு, புதுசு உங்களுக்கு. நவம்பர் கடைசில ஒரு வார்த்த சொல்லுங்க, முந்தின நாளே எண்ணெய்ல ஊறப் போட்டு வைக்கிறேன், புது அச்சுல அது பண்ணலேன்னா மாவு விடவே விடாது.