சிங்கனின் மூச்சும் அம்மாவின் நிலையான வைப்பும்

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். வெட்டெல்லாம் போகக் கைக்கு 54,000 ரூபாய் வரும். எங்கள் கடுவன் பூனை சிங்கனுக்கு ஒன்பது வயது, அம்மாவின் செல்லம். போன மாதம் ஓர் இரவு வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். வேன் பிடித்துக் கண்டிக்குக் கொண்டுபோனோம். வேனுக்கு 14,000, வைத்தியத்துக்கு 15,500. இதயச் சுவர் தடித்து நுரையீரலில் நீர் கட்டியிருக்கிறதாம். ஆயுளுக்கும் ஃபுரோசமைட், குளோபிடோகிரல் கொடுக்க வேண்டும். மாத்திரைக்கு மாதம் 900 ரூபாய் ஆகும் என்றார்கள். அம்மாவுக்கும் இதய வருத்தம், கிளினிக்கில் அதே குளோபிடோகிரல் கொடுக்கிறார்கள். அதில் கால் துண்டை அம்மாவே சிங்கனுக்குக் கொடுப்பதால் எனக்கு 400தான் போகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை, போக்குவரத்தோடு 6,500. கையில் சேமிப்பு இல்லாததால் ஒரு நிதி நிறுவனத்தில் 150,000 கடன் கேட்டேன். மாதம் 9,000, 24 மாதம். அம்மாவோ, கொழுந்து பறித்துச் சேர்ந்த தன் ஈ.பி.எஃப். பணம் 400,000 நிலையான வைப்பில் 7.5 வீதத்துக்கு இருக்கிறது, அதை உடை என்கிறார். கணவர், பூனைக்கு யாராவது இப்படிச் செலவழிப்பார்களா என்கிறார். என்ன செய்வது?

பதில்: டீச்சர், முதலில் அந்தக் கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். மாதம் 9,000, 24 மாதம் என்றால் 216,000 ரூபாய். வட்டி மட்டும் 66,000. ஆனால் நான் வேண்டாம் என்பது வட்டிக்காக மட்டுமில்லை.

நான் கணக்குப் பார்க்கிறவன், வைத்தியன் இல்லை. ஆனாலும் இந்த வருத்தத்தின் போக்குத் தெரியாமல் கணக்குப் போட முடியாது, அதனால் மிருக வைத்தியரான நண்பர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டேன். சிங்கனுக்கு இருப்பது ஹைபர்ட்ரோபிக் கார்டியோமயோபதி. பூனைகளுக்கு வரும் இதய வருத்தங்களில் இதுதான் அதிகம். இடது கீழறையின் தசை தடித்து, இரத்தத்தை வாங்கிக்கொள்ள இடம் போதாமல், மேலறை வீங்குகிறது. பின்னால் தேங்கும் அழுத்தத்தில் நுரையீரலில் நீர் கசிகிறது. உங்கள் கையில் உள்ள இரண்டு மாத்திரையும் தடித்த சுவரைச் சரிசெய்யாது. ஃபுரோசமைட் நீரை இறக்கும், குளோபிடோகிரல் வீங்கிய மேலறையில் இரத்தம் கட்டாமல் பார்க்கும். ஒரு தடவை நீர் கட்டிய பூனை சில மாதம் இருக்கலாம், ஓரிரு வருடமும் இருக்கலாம்.

இப்போது கடனைப் பாருங்கள். சிங்கன் எத்தனை மாதம் இருப்பான் என்று யாருக்கும் தெரியாது, தவணை மட்டும் 24 மாதம் நிச்சயம் இருக்கும். செத்துப்போன பசுவுக்குப் பதினெட்டு மாதம் தவணை கட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். கடைசித் தவணை கட்டிய அன்றைக்கும் மனுஷன் மாட்டுக் கொட்டிலைப் பார்க்கவில்லை. வருத்தத்தைவிட நீளமான கடன் எடுக்கக் கூடாது.

அப்புறம், 150,000 எதற்கு? உங்கள் கணக்கையே கூட்டிப் பார்த்தேன். மாத்திரை வருடத்துக்கு 10,800. பரிசோதனை நான்கு முறை 26,000. போன மாதம் போல இன்னோர் இரவு வந்தால் 29,500. எல்லாம் சேர்ந்து 66,300. இதில் மாத்திரையும் பரிசோதனையும் மாதம் ஏறத்தாழ 3,100, சம்பளத்திலிருந்தே போகட்டும். உங்களைக் கடனுக்குத் துரத்துவது மாத்திரை இல்லை, அந்த ஓர் இரவு. அதிலும் பாதி வேன்காரருக்கு.

அந்த இரவை மலிவாக்க வழி இருக்கிறது, பூனைக்கும் அதுதான் நல்லது. சிங்கன் நன்றாக உறங்கும்போது விலாவைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு முப்பதுக்குக் கீழே இருந்தால் சரி. அடுப்படியில் சுருண்டிருக்கும்போது எண்ண வேண்டாம். சூட்டுக்கு மூச்சு கூடும், விறகுப் புகையும் அவனுக்கு ஆகாது. தினமும் அந்த எண்ணைச் செலவுக் கொப்பியிலேயே, அன்றைய மரக்கறிச் செலவுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். 22, 24, 23 என்று போய்க்கொண்டிருந்த எண் இரண்டு நாளாக 32, 35 என்று ஏறினால் பகலிலேயே வைத்தியருக்குப் போன் போடுங்கள். மாத்திரை அளவைக் கூட்டச் சொன்னாலே சில வேளை போதும். நாற்பதைத் தாண்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ காத்திருக்கக் கூடாது, உடனே கிளம்ப வேண்டியதுதான். அப்படிப்பட்ட நேரத்தில் வழியில் கொடுக்க எவ்வளவு ஃபுரோசமைட் என்று வைத்தியரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். வேன்காரரிடமும் இப்போதே ஹயர் பேசிவிடுங்கள். நடுச்சாமத்தில் அழுதுகொண்டு பேசினால் விலை வேறு.

எதில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்றும் அந்த நண்பரிடம் கேட்டேன். ஒன்பது வயதில் தைரொயிட் கூடினாலும் இரத்த அழுத்தம் கூடினாலும் சுவர் இப்படித் தடிக்கலாம். அவற்றுக்கு வேறு மருந்து உண்டு, ஆகவே அந்த இரண்டையும் ஒரு முறை பார்த்துவிடுவது வீண் செலவில்லை. ஃபுரோசமைட் சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தும் என்பதால் இரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள். பேராதனையில் மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது, அங்கேயும் கட்டணம் விசாரித்துப் பாருங்கள். கடையில் விற்கும் சத்து மருந்துகளுக்கு ஒரு சதமும் வேண்டாம். கருவாட்டையும் உப்பு நெத்தலியையும் நிறுத்துங்கள். பனடோல் என்கிற பரசிட்டமோலை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

அம்மாவின் காசுக்கு வருவோம். அதை உடைக்க வேண்டாம். தவணைக்கு முன் உடைத்தால் வட்டியும் குறையும். 400,000க்கு 7.5 வீதம் என்றால் வருடம் 30,000, மாதம் 2,500. வட்டியை மாதா மாதம் தனிச் சேமிப்புக் கணக்குக்கு வரும்படி மாற்றி, அதற்கு ‘சிங்கன் கணக்கு’ என்று பெயர் வையுங்கள். வருடம் முடியும்போது ஓர் இரவுச் செலவு அதிலேயே இருக்கும். அதுவரைக்கும் அவசரம் வந்தால், அதே வைப்பின் மேல் வங்கியில் சிறு கடன் எடுக்கலாம். 30,000 எடுத்து நான்கைந்து மாதத்தில் அடைத்துவிடலாம். வங்கி இரவில் திறந்திருக்காது, ஆகவே வேனுக்கான 14,000 மட்டும் வீட்டில் ரொக்கமாக இருக்கட்டும். இன்னொன்று: 2025 ஏப்ரலிலிருந்து வைப்பு வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர்கள் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். அம்மாவுக்கு அது வருடம் 3,000 ரூபாய்.

உங்கள் கணவரைக் கஞ்சன் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லை தெரியாத செலவுக்குத்தான் அவர் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு தொகை பேசுங்கள். தொகையோடு இன்னொன்றையும் பேச வேண்டும். கட்டிய இரத்தம் பின்னங்கால்களுக்குப் போகும் குழாயை அடைத்தால், கால்கள் குளிர்ந்து, இழுபட்டு, பூனை வலியில் கத்தும். அதிலிருந்து மீள்கிறவை குறைவு. அப்படி வந்தால் ஊசி போட்டு அனுப்பிவிடுவதா, முயன்று பார்ப்பதா என்பதை வைத்தியரிடம் கேட்டு, அம்மாவின் வாயாலேயே ஒரு பதிலை இப்போதே வாங்கி வையுங்கள். இது காசு விஷயம் மாதிரித் தெரியாது. ஆனால் கையில் உள்ள எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வெறும் கூடையோடு வீட்டுக்கு வருவது அந்த இரவில்தான்.

கடைசியாக, அம்மாவின் மாத்திரையால் உங்களுக்கு மாதம் மிச்சமாகிற அந்த 500 ரூபாய். தினம் கால் மாத்திரை என்றால் மாதத்துக்கு ஏழரை, எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் அம்மாவுக்குக் கிடைப்பது முப்பது நாளுக்கு முப்பதுதானே? அப்படியானால் மாதத்தில் எட்டு நாள் அம்மா தன் மாத்திரை இல்லாமல் இருக்கிறார், உங்களிடம் சொல்லவும் இல்லை. கால் துண்டாக வெட்டும்போது தூளாகிப்போனது எவ்வளவோ. மருந்து கசப்பு என்பதால் சிங்கன் நுரையோடு துப்பியது எவ்வளவோ. நாளைக்கே மருந்துச் சீட்டைக் கொண்டுபோய்ப் பாமசியில் எட்டு மாத்திரையும் வெற்றுக் கப்சூல் உறைகளும் வாங்குங்கள். கால் துண்டை உறைக்குள் போட்டுக் கொடுத்தால் கசப்புத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் கிளினிக் பக்கற்றைத் திறந்து எத்தனை மிச்சம் என்று எண்ணுங்கள்.