காப்பித் தோல் நொதிப்பு: பிஎச் 3.8-இல் நிற்கிறதா?

சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கும் பாக்டீரியா பெரும்பாலும் சாகவில்லை. தான் உண்டாக்கிய அமிலத்திலேயே முடங்கிக் கிடக்கிறது. மலேசியாவின் குளுவாங் தோட்டத்துக் காப்பிப் பழத்தோலில் லாக்டிக் அமிலம் எடுக்கிறீர்கள், மூன்று நாளாக பிஎச் (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 3.8-ஐ விட்டு நகரவில்லை என்றீர்களே, அதற்கு இதுதான் முதல் சந்தேகம்.

ஒரு குவளைச் சாற்றைத் தனியே எடுத்து, கால்சியம் கார்பனேட் தூளைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி, பிஎச் 5.5 வரும்வரை கலக்குங்கள். நுரை பொங்கும், பயம் வேண்டாம். இறுக்காமல் மூடி வையுங்கள். மறுநாள் பிஎச் மறுபடி இறங்கியிருந்தால் டிரம் முழுவதற்கும் அதையே செய்யலாம். இறங்காவிட்டால் சர்க்கரை தீர்ந்திருக்கலாம். நம் லைபீரிக்கா காப்பி வகைக்குத் தோல் தடிப்பு, சரியாக அரைக்காவிட்டால் இனிப்பு சக்கையிலேயே தங்கிவிடும்.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை மட்டும் கொட்டிவிடாதீர்கள். காரத்தன்மை அதிகம், பாக்டீரியாவையே கொன்றுவிடும். அப்புறம், டிரம்மை இறுக மூடாமல் வாயு வெளியேறக் குழாய் வையுங்கள். கடைசியில் கிடைப்பது கால்சியம் லாக்டேட், அதாவது லாக்டிக் அமிலத்தின் கால்சியம் உப்பு. அமிலமாகப் பிரிக்க இன்னொரு படி உண்டு.