சேஃப்டி போட்ட துப்பாக்கி வெடிக்கவே வெடிக்காதா?

நீங்கள் கேட்டிருப்பது: சேஃப்டி போட்டிருந்தால் துப்பாக்கி தவறுதலாக வெடிக்கவே வெடிக்காதா, கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாதா? அந்த 'வெடிக்கவே'யில் இருக்கும் ஏகாரம்தான் என்னை எழுத உட்கார வைத்தது. உங்கள் கைக்குப் புதிதாக ஒரு துப்பாக்கி வந்திருக்கிறது, கொடுத்தவர் "சேஃப்டி இருக்கு, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், உங்களுக்கு மனசு ஆறவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆறாமல் இருப்பதே நல்லது.

நான் 19 ஆண்டுகள் ஆர்மரராக இருந்தவன். சுடுகிற ஆள் இல்லை. சுடுகிறவர்கள் கெடுத்துக்கொண்டு வருவதைச் சரிசெய்கிற ஆள். அப்படியிருந்தும் ஒரு முறை என் கையிலேயே வெடித்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன். முதலில் உங்கள் கேள்வி.

சேஃப்டி என்பது ஒரே பொருள் இல்லை. கட்டைவிரலால் தள்ளுகிற அந்தச் சின்ன நெம்புகோல் உள்ளே எதைப் பிடித்து நிறுத்துகிறது என்பது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். சிலவற்றில் சியரைப் பூட்டும். பின்னால் இழுத்து வைத்த சுத்தியலைப் பிடித்துக்கொண்டிருக்கும் கொக்கிதான் சியர். சுத்தியலைப் பழைய ஆட்கள் குதிரை என்பார்கள். சிலவற்றில் அந்தக் குதிரையையே பூட்டும். பல இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் விசையை மட்டும்தான் பூட்டும். உள்ளே இரண்டு சுத்தியலும் ஸ்பிரிங்கின் முழு அழுத்தத்தோடு சியரின் ஓரத்தில் தொற்றிக்கொண்டு நிற்கும். அந்த ஓரம் தேய்ந்திருந்து, சுவரில் சாய்த்து வைத்த துப்பாக்கி சரிந்து விழுந்தால், விசை பூட்டியிருந்து என்ன பயன்? நல்ல வேலைப்பாடு உள்ளவற்றில் இதற்காகவே இரண்டாவதாக ஒரு சியர் வைத்திருப்பார்கள். விசையை இழுக்காமல் சுத்தியல் நழுவினால் அது பாதி வழியில் பிடித்துக்கொள்ளும். உங்களுடையதில் அது இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

கீழே விழுவது இன்னும் பழைய தலைவலி. 1873-ல் வந்த கோல்ட் ரிவால்வரில், தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி சுத்தியலின் மூக்கிலேயே இருக்கும். சுத்தியலை முழுதாக இறக்கி வைத்தால் ஊசிமுனை தோட்டாவின் கேப் மேலேயே, அதாவது குத்தினால் பற்றிக்கொள்ளும் அதன் பின்பக்கத்து மூடி மேலேயே, உட்கார்ந்திருக்கும். சுத்தியல் பக்கம் தரையில் இடிக்கும்படி விழுந்தால் போதும், வெடித்துவிடும். அதனால் ஆறு அறையில் ஐந்து தோட்டா மட்டும் போட்டு, காலி அறைக்கு நேராகச் சுத்தியலை இறக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள். அந்த ஒரு காலி அறைதான் அன்றைய சேஃப்டி. பிறகு ஐவர் ஜான்சன் என்ற அமெரிக்க நிறுவனம் ஒரு வழி செய்தது. சுத்தியல் நேராக ஊசியைத் தொடாது; விசையை இழுத்தால்தான் நடுவில் ஒரு தகடு ஏறிவந்து அடியை ஊசிக்குக் கடத்தும். சுத்தியலையே சுத்தியலால் அடித்துப் பாருங்கள் என்று விளம்பரம் போட்டார்கள். ருகர் என்ற இன்னொரு நிறுவனம் தன்னுடைய சிங்கிள் ஆக்‌ஷன் (ஒவ்வொரு முறையும் சுத்தியலைக் கையால் இழுத்து வைத்துச் சுடுகிற) ரிவால்வர்களில் இந்தத் தகட்டை வைத்தது 1973-ல். அந்தக் கோல்ட் வந்து சரியாக நூறு வருஷம் கழித்து!

ஸ்டென் கன் இன்னொரு ரகம். இரண்டாம் உலகப் போரில் அவசர அவசரமாகச் செய்தது. பின்கட்டை தரையில் இடிக்க விழுந்தால், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிச் சுடும் கனமான போல்ட் தன் எடையால் பின்னால் போகும். சியர் பிடிக்கும் அளவுக்குப் போகாது, ஆனால் தோட்டாக்களை அடுக்கி வைத்திருக்கும் மேகசினைத் தாண்டிவிடும். திரும்பி வரும்போது ஒரு தோட்டாவையும் தள்ளிக்கொண்டு வந்து சுட்டுவிடும். விசைப் பக்கம் யாருமே போகவில்லை, பாருங்கள்.

இன்றைய பிஸ்டல்களில் பெரும்பாலும் ஊசிக்குக் குறுக்கே ஒரு சின்ன உருளை நிற்கும். விசை ஏறக்குறையக் கடைசி வரை வந்தால்தான் அது விலகும். 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்ட க்ளாக்கில் கட்டைவிரல் நெம்புகோலே கிடையாது; விசையில் ஒன்று, ஊசிக்கு ஒன்று, விழுந்தால் பிடிக்க ஒன்று என்று மூன்றும் உள்ளுக்குள்ளேயே. ஆனால் விரல் விசைக்கு வந்துவிட்டால் மூன்றும் மரியாதையாக ஒதுங்கி வழிவிடும். அதற்காகத்தானே செய்தார்கள். இவ்வளவு தேறிய பிறகும் 2017-ல் சிக் சாவர் நிறுவனத்தின் பி320 பிஸ்டல் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தெரியவந்தது. விழுந்த வேகத்தில் விசையே தன் எடையால் பின்னால் போய்விடுகிறது. எடை குறைந்த விசை உட்படச் சில பாகங்களை மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. ஆகவே புதிய துப்பாக்கி, நல்ல நிலையில் இருந்தால், விழுந்து வெடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. உங்கள் ஏகாரத்துக்கு மட்டும் என்னால் கையெழுத்துப் போட முடியாது.

இனி என் கதை. அந்தப் பிஸ்டலின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதன் அபிமானிகள் சண்டைக்கு வருவார்கள். அதன் மேல் தப்பும் இல்லை. அதில் மேகசின் சேஃப்டி என்று ஒன்று உண்டு. மேகசினைக் கழற்றிவிட்டால் விசை வேலை செய்யாது. மேகசினை எடுத்துவிட்டோமே என்ற தைரியத்தில், சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில்) ஒரு ரவுண்டு, அதாவது ஒரு தோட்டா, இருப்பதை மறந்து விசையை இழுப்பவர்களுக்காக வைத்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் சுத்தம் செய்து முடித்ததும் சுத்தியலை இறக்க வேண்டுமென்றால், திரும்ப ஒரு மேகசினைச் செருகியாக வேண்டும். காலித் துப்பாக்கிக்குள் மேகசினைப் போட்டு விசையை இழுக்கிற பழக்கத்தை அந்தச் சேஃப்டியே எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

காவல் மாறும் நேரம். எட்டுப் பிஸ்டலில் ஏழு முடிந்துவிட்டது. ஏழுக்கும் ஒரே காலி மேகசின். செருகி, பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடை இழுத்தால், காலி மேகசின் என்பதால் ஸ்லைடு பின்னாலேயே நிற்க வேண்டும். அது ஒரு சோதனை. பிறகு மேகசினைக் கழற்றி, ஸ்லைடை முன்னே விட்டு, மறுபடி மேகசினைச் செருகி, மணல் பெட்டிக்கு நேராகப் பிடித்து விசையை இழுத்துச் சுத்தியலை இறக்குவேன். காவலுக்குப் போகிற பையன் ஒருவன் தன் மேகசினை நிரப்பி என் மேசையில் வைத்துவிட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போயிருந்தான். நான் அவனோடு பேசிக்கொண்டே எட்டாவதை எடுத்தேன். சேம்பரைப் பார்த்தேன், சுண்டுவிரலை விட்டும் பார்த்தேன். காலி. கை மேசைக்குப் போய் ஒரு மேகசினை எடுத்தது. கனமாக இருந்தது. கைக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை.

செருகி ஸ்லைடை இழுத்தேன். நிற்காமல் முன்னே ஓடியது. அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். ஆனால் ஆர்மரர் புத்தி என்ன சொன்னது தெரியுமா? ஸ்லைடைப் பின்னால் பிடித்து நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப் தேய்ந்துவிட்டது, இன்னொரு வேலை வந்து சேர்ந்தது என்று. எரிச்சலோடு, திரும்பக் கழற்றுவதற்காகச் சுத்தியலை இறக்க விசையை இழுத்தேன்.

குண்டு மணலுக்குள் போனது. அந்தப் பெட்டி எதுக்குண்ணே, எல்லாம் காலிதானே என்று அதே பையன்தான் சில நாள் முன்பு கேட்டிருந்தான். ஒழுங்காக ஒரு பதில்கூட நான் சொல்லவில்லை.

என் மூத்தவர் நல்ல மனிதர். பதிவேட்டில் 'மேகசின் சேஃப்டி பழுது, தானாக வெடித்தது' என்று எழுதிவிட்டார். பழுது என்று எழுதினால் துப்பாக்கி எங்கே வரும்? சிவப்புச் சீட்டுக் கட்டிக்கொண்டு என் மேசைக்கே வந்தது. இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் விசாரணை அதிகாரி வந்து, பழுதைக் காட்டு என்றார். பிஸ்டலை நிமிர்த்திப் பிடித்து, ரப்பர் முனை உள்ளே போகும்படி குழலுக்குள் ஒரு பென்சிலை விட்டேன். ஊசி அடித்தால் பென்சில் துள்ளும். எங்கள் ஆட்களின் பழைய சோதனை. மேகசின் இல்லாமல் இழுத்தேன். பென்சில் அசையவில்லை. காலி மேகசினைப் போட்டு இழுத்தேன். துள்ளி மேசை மேல் விழுந்து உருண்டது. ஸ்லைடு ஸ்டாப்பையும் சோதித்தேன், ஒரு குறையும் இல்லை.

"அப்போ எப்படி வெடிச்சது?"

"நான் இழுத்தேன், சார்."

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பென்சில் துள்ளிய பிறகு வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? என் பதவி உயர்வு தள்ளிப்போனது, அது நியாயம். மூத்தவர் பல மாதம் என்னோடு பேசவில்லை. உதவ வந்தவரை மாட்டிவிட்டேன் என்று வருத்தம். அதுவும் ஒருவகையில் நியாயம்தான். ஆர்மரருக்கே இப்படியா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு நாற்பது முறை செய்கிற வேலையில்தான் இது நடக்கும். மேகசின் சேஃப்டியே வேண்டாம் என்று நான் சொல்வதாகவும் யாரும் கிளம்ப வேண்டாம். அது பலரைக் காப்பாற்றியிருக்கும். எங்களுக்கு அது வேறொரு பழக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தது, அவ்வளவுதான்.

மூடிய அறைக்குள் காதில் எதுவும் இல்லாமல் ஒரு 9 மி.மீ. சத்தம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: 160 டெசிபல் அளவில் வரும். இடது காதில் அன்று தொடங்கிய ரீங்காரம் இன்னும் நிற்கவில்லை. பின்னாளில் காதைச் சோதித்தவர் தாளைக்கூடச் சரியாகப் பார்க்காமல் "வயசாயிடுச்சு" என்றார். வயது ஒரு காதுக்கு மட்டுமா ஆகும்? காதுக்கருவி விற்பவரோ, ஒன்று கேட்டால் ஜோடியாகத்தான் தருவேன் என்கிறார். அதன் பேட்டரியை மாற்ற நகம் வளர்க்க வேண்டியிருக்கிறது. 19 வருஷம் ஸ்பிரிங்கும் ஊசியும் பிரித்து மாட்டிய கை இது, அந்த மூடியிடம் தோற்றுப்போகிறது. வயதானவர்களுக்காக ஒன்றைச் செய்கிறவர்கள் ஒரு வயதானவரிடம் கொடுத்துப் பார்த்தால் என்ன? வீட்டில் நான் கத்திப் பேசுவதாகக் குறை வேறு. சரி, விடுங்கள்.

உங்களுக்கு வருகிறேன். முதலில் மேகசினைக் கழற்றுங்கள், அப்புறம்தான் ஸ்லைடை இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால், ஒரு ரவுண்டு வெளியே விழும், இன்னொன்று மேகசினிலிருந்து சேம்பருக்குள் ஏறிவிடும். பிறகு நீங்கள் மேகசினைக் கழற்றி வைத்துவிட்டுக் காலி என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். பெரும்பாலான துப்பாக்கிகளில் அந்த நேரத்தில் உங்களைத் தடுக்க எதுவும் கிடையாது. சேம்பரைக் கண்ணாலும் பாருங்கள், விரலாலும் பாருங்கள். நிரப்பிய மேகசின் எதுவும் அந்த மேசையில் மட்டுமல்ல, அந்த அறையிலேயே இருக்கக்கூடாது. எல்லாம் முடிந்தும், வெடிக்கும் என்றே வைத்துக்கொண்டு குழலை மணல் பக்கம் திருப்புங்கள்.

அப்புறம், அதைக் கொடுத்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தச் சேஃப்டி எதைப் பூட்டுகிறது, விசையையா, சியரையா, சுத்தியலையா, ஊசியையா? "எல்லாத்தையும்தான்" என்று பதில் வந்தால், வேறு ஒருவரிடம் காட்டுங்கள்.