பலசாலி என்ற பட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் அட்லாண்டாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் திருச்சி பக்கம். உங்கள் தளத்தைப் பல வருடங்களாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

பிப்ரவரி இங்கே கறுப்பின வரலாற்று மாதம். அதையொட்டி எங்கள் அலுவலகத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். கறுப்பின சமூகத்தில் தலைவர்களாக மதிக்கப்படும் மூன்று பேர் வந்திருந்தார்கள். ஒரு பாதிரியார், ஒரு பள்ளி முதல்வர், ஒரு சலூன் உரிமையாளர். மூவரும் தங்கள் சொந்தக் கதையைச் சொன்னார்கள். மனச்சோர்வு, குடி, தற்கொலை எண்ணம், அதிலிருந்து மீண்டது என்று எல்லாவற்றையும். கூட்டத்தில் இருந்த கறுப்பினத்தவர்கள் நடுநடுவே குரல் கொடுத்தார்கள், கைதட்டினார்கள். முடிவில் எல்லோருக்கும் தியானம் சொல்லித்தரும் ஒரு செயலிக்கு ஓராண்டு இலவசச் சந்தா தரப்பட்டது.

எனக்கு எரிச்சலாக இருந்தது. இத்தனை அநியாயத்தை அனுபவித்த ஒரு சமூகம், போராடுவதை விட்டுவிட்டு "விழுந்தேன், எழுந்தேன்" என்று தன்முன்னேற்றக் கதை சொல்லிக்கொண்டிருக்கலாமா? மனநலம் என்பதே வசதி உள்ளவர்களின் கவலைதானே? ஆனால் பக்கத்தில் இருந்தவர், எங்கள் குழுவிலேயே மூத்தவர், எப்போதும் கலகலப்பாக இருக்கும் மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததிலிருந்து என் எரிச்சல் நியாயமா என்று சந்தேகம் வந்துவிட்டது. அவரிடம் ஏதாவது கேட்கலாமா, கூடாதா என்றும் தெரியவில்லை.

எஸ்.


அன்புள்ள எஸ்.,

செயலி விஷயத்தில் உங்கள் எரிச்சலில் எனக்கும் பங்கு உண்டு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். கதைகள் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

முதலில் அந்தக் குரல்களும் கைதட்டலும். நம் ஊர்ப் பெந்தெகொஸ்தே சபைகளில் ஒருவர் எழுந்து சாட்சி சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கறுப்பினத் தேவாலயங்களில் அது அடிமைக் காலத்திலிருந்தே வரும் வழக்கம். சொல்பவரைத் தனியாகச் சொல்ல விடமாட்டார்கள். ஒவ்வொரு வரிக்கும் சபையிலிருந்து பதில் வரும். தொண்டை அடைத்து நின்றுவிட்டால் "மெதுவா சொல்லுங்க, அவசரமில்ல" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். உங்கள் அலுவலக அரங்கில் அது ஏதோ நிகழ்ச்சிக்குக் கைதட்டுவதுபோலத் தெரிந்திருக்கலாம். பேசுபவரைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்வதற்காகக் கொடுக்கும் குரல் அது.

அந்த மரபில் சொல்லப்பட்ட ஒரு சாட்சியை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1956 ஜனவரி 27 இரவு, அலபாமாவின் மாண்ட்கோமரி நகரம். பேருந்துகளில் கறுப்பினத்தவரைப் பிரித்து உட்காரவைப்பதை எதிர்த்து அவர்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கி ஏழெட்டு வாரம் ஆகியிருந்தது. மார்ட்டின் லூதர் கிங்குக்கு அப்போதுதான் 27 வயது முடிந்திருந்தது. மனைவியும், பிறந்து பத்து வாரமே ஆன பெண் குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தொலைபேசி அடித்தது. வழக்கமான கொலை மிரட்டல்தான், ஆனால் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் போய்விட்டது. சமையலறைக்குப் போய் காபி சூடாக்கி மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காபி அப்படியே இருந்தது. கோழை என்று பெயர் வாங்காமல் இதிலிருந்து நழுவுவது எப்படி என்றுதான் அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு வாய்விட்டே சொன்னார்: எனக்குப் பயமாக இருக்கிறது, என்னிடம் தெம்பு எதுவும் மிச்சமில்லை, இனி இதைத் தனியாக என்னால் தாங்க முடியாது.

இது நமக்கு எப்படித் தெரியும்? அவரே சொன்னதால்தான். 1958இல் வந்த தன் முதல் புத்தகத்தில் எழுதினார். மேடைகளிலும் பிரசங்கங்களிலும் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த இரவுக்கு மூன்றாம் நாள் அவர் வீட்டு முன்வாசலில் குண்டு வீசினார்கள், அப்போதும் ஓடவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த பகுதி. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய பகுதி. நழுவப் பார்த்ததை அவர் மறைக்கவில்லை. தன்முன்னேற்றக் கதையில் அந்த இடம் ஒரே வரியில் கடந்துபோகும், மீதிப் பக்கமெல்லாம் வெற்றி. கிங் அந்த ஆறிப்போன காபிக்கு நேரம் கொடுத்தார். உங்கள் அலுவலகத்துக்கு வந்த மூவரும் எந்த இடத்தில் அதிக நேரம் நின்றார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எரிச்சல் நியாயமா இல்லையா என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

மனநலம் என்றால் மனிதர்களைச் சூழ்நிலைக்கு ஒத்துப்போகச் செய்வது, அதனால் அது போராட்டத்துக்கு எதிரி என்ற சந்தேகம் உங்கள் கேள்விக்கு அடியில் இருக்கிறது. அந்தச் சந்தேகத்துக்கும் கிங்கே பதில் சொல்லியிருக்கிறார். 1967 செப்டம்பரில் வாஷிங்டனில் அமெரிக்க உளவியலாளர்கள் சங்கத்தின் மாநாட்டில் பேசியபோது, சமூகத்தில் சில விஷயங்களோடு நாம் ஒருபோதும் ஒத்துப்போகக் கூடாது, இனப்பாகுபாடு அதில் ஒன்று, என்று உளவியலாளர்களின் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

அதை அந்தச் சபையில் சொல்லக் காரணம் இருந்தது. 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற தென்மாநில மருத்துவர், அடிமைகள் தப்பியோடுவது ஒரு மனநோய் என்று எழுதினார். அதற்கு ட்ரேப்டோமேனியா என்று பெயரும் வைத்தார். அவர் சொன்ன வைத்தியங்களில் ஒன்று சவுக்கடி. மேரிலாந்து மாகாணம் 1911இல் கறுப்பினத்தவருக்கென்று தனி மனநல மருத்துவமனை தொடங்கியபோது, காட்டைத் திருத்திக் கட்டடம் எழுப்பும் வேலையை அந்த நோயாளிகளிடமே வாங்கியது. அலபாமாவின் டஸ்கிகீயில் நடந்த ஆய்வைப் பற்றி நீங்களே படித்திருப்பீர்கள்: 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களை, மருந்து கண்டுபிடித்த பிறகும் கொடுக்காமல் அரசே வேடிக்கை பார்த்தது. கிங் பேசியதற்கு மறு ஆண்டு இரண்டு மனநல மருத்துவர்கள் ஒரு மருத்துவ இதழில், கறுப்பின உரிமைப் போராட்டத்தின் பாதிப்பால் வருகிறது என்று ஒரு புதுவகை மனப்பிறழ்வையே வர்ணித்தார்கள். இப்படிப்பட்ட வரலாறு இருக்கும்போது, "ஏதோ சரியில்லை, டாக்டரைப் பார்க்கிறேன்" என்று ஒரு கறுப்பின ஆண் சொல்வதற்கு எவ்வளவு தூரம் கடந்து வர வேண்டும்!

ஆகவே டாக்டரிடம் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார்கள். தாங்குவதே பெருமை என்று ஆனது. அதற்கு உடம்பு கொடுத்த விலையை ஒருவர் அளந்திருக்கிறார். ஷெர்மன் ஜேம்ஸ் ஒரு கறுப்பினத் தொற்றுநோயியல் ஆய்வாளர். 1970களின் கடைசியில் வட கரோலினாவில் ஓய்வுபெற்ற ஒரு கறுப்பின விவசாயியைச் சந்தித்தார். 1907இல் பரம ஏழையாகப் பிறந்தவர். இரண்டாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றுபோய், தானாக எழுதப் படிக்கக் கற்றவர். குத்தகைக் கடனில் சிக்கிக் கிடந்தவர், இரவும் பகலும் உழைத்து, நாற்பது வயதுக்குள் 75 ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனார். ஐம்பதுகளின் கடைசியில் அவருக்கு ரத்த அழுத்தம், மூட்டுவாதம், இரைப்பைப் புண். வயிற்றில் நூற்றுக்கு நாற்பது பங்கை வெட்டி எடுக்க வேண்டி வந்தது.

பேசிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி "ஜான் ஹென்றி, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டார். ஆய்வாளருக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் தூக்கிவாரிப்போட்டது. கறுப்பின நாட்டுப்புறக் கதையில் ஒரு ஜான் ஹென்றி உண்டு. மலையைக் குடையும் நீராவி இயந்திரத்தோடு வெறும் சம்மட்டியை வைத்துப் போட்டியிட்டு, ஜெயித்து, அந்த இடத்திலேயே விழுந்து செத்துப்போனவன். தன்னால் வெல்ல முடியாத சூழ்நிலையோடு வருடக்கணக்காக முழு மூச்சாக மோதிக்கொண்டே இருப்பவர்களுக்கு, கையில் வசதியும் இல்லாவிட்டால், ரத்த அழுத்தம் ஏறுகிறது என்பது ஜேம்ஸின் கருத்து. அதற்கு ஜான் ஹென்றியிசம் என்றே பெயர் வைத்தார். பின்னால் நடந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை. இருந்தாலும் அந்த எழுபத்தைந்து ஏக்கரையும் வெட்டியெடுத்த வயிற்றையும் சேர்த்துப் பார்க்காமல் எனக்கு இந்த விஷயத்தை யோசிக்க வருவதில்லை.

கறுப்பினப் பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எதையும் தாங்குபவள் என்ற பட்டத்தை அவர்கள் தலையில் கட்டியது யார் யார் என்று பட்டியல் போட்டால் அவர்கள் வீட்டு ஆண்களும் அதில் வருவார்கள்.

சொந்தக் கதை சொல்வது போராட்டத்துக்கு மாற்றாகிவிடும் என்று பயப்படுகிறீர்கள். ஃபானி லூ ஹேமரைப் பாருங்கள். மிசிசிப்பியில் பருத்தி பறித்தவர். 1962இல் வாக்காளராகப் பதிவு செய்யப் போனதற்காக, பதினெட்டு ஆண்டு வேலை செய்த பண்ணையிலிருந்து அன்றே வெளியேற்றப்பட்டார். மறு ஆண்டு வினோனா சிறையில் அவரை அடித்த அடியில் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அது கடைசிவரை சரியாகவில்லை. 1964 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் உட்கார்ந்து அதை அப்படியே சொன்னார். தொலைக்காட்சியில் நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது. ஜனாதிபதி ஜான்சன் பதறிப்போய் அவசரமாக ஒரு பத்திரிகையாளர் சந்திப்பை வைத்துக் கேமராக்களைத் தன் பக்கம் திருப்பினார். பலன் இல்லை, அன்று இரவுச் செய்தியில் ஹேமர் பேசியதை நாடே பார்த்தது. ஒரு பண்ணைத் தொழிலாளியின் சொந்தக் கதைக்கு ஜனாதிபதி பயந்தார் என்றால் அதன் பலம் என்ன என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நோயும் களைப்புமாகவே இருந்து இருந்து எனக்கு வெறுத்துவிட்டது என்று அவர் அந்த வருடக் கடைசியில் நியூயார்க்கின் ஹார்லெமில் சொன்ன வாக்கியம் மிசிசிப்பியின் ரூல்வில்லில் அவர் கல்லறையில் இருக்கிறது. ஐம்பத்தொன்பது வயதில் போய்விட்டார்.

வசதி உள்ளவர்களின் கவலை என்ற வாதமும் நிற்காது. 1946இல் ஹார்லெமில் புனித பிலிப் தேவாலயத்தின் நிலவறையில் லஃபார்க் கிளினிக் என்று ஒரு மனநல மருத்துவமனை தொடங்கினார்கள். எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டின் தூண்டுதல் அதில் பெரிது. நடத்தியவர் ஃபிரெட்ரிக் வெர்த்தம் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவர். மாலை நேரத்தில் டாக்டர்கள் சம்பளம் வாங்காமல் வந்து பார்த்தார்கள். கட்டணம் 25 சென்ட், அதுவும் இல்லாவிட்டால் பரவாயில்லை. டெலவேரில் பள்ளிகளில் இனப் பிரிவினைக்கு எதிராக வழக்குப் போட்டவர்கள் குழந்தைகளை இங்கேதான் கூட்டிவந்து பேச வைத்தார்கள். அந்தக் குழந்தைகள் சொன்னதை வைத்து வெர்த்தம் நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். பள்ளிகளில் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய 1954 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இணைக்கப்பட்ட ஐந்து வழக்குகளில் அதுவும் ஒன்று. மனநல வேலையும் போராட்டமும் ஒரே நிலவறையில் நடந்திருக்கின்றன.

சலூன்காரரை எதற்கு அழைத்தார்கள் என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். கறுப்பின ஊர்களில் சலூன் வெறும் சலூன் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே ஆளிடம் போகிறார்கள். துணியைப் போர்த்தி உட்கார்ந்தால் அரை மணி நேரம் எங்கேயும் போக முடியாது. கண்ணாடி வழியாகத்தான் பேச்சு, முகத்துக்கு முகம் இல்லை. சொல்ல முடியாததைச் சொல்ல இதைவிட வசதி வேறு இல்லை. சிறையில் இருந்த தாய்க்குப் பிறந்து, அத்தையின் அழகு நிலையத்தில் வளர்ந்த லொரென்சோ லூயிஸ் என்பவர் 2016இல் ஆர்கன்சாவின் லிட்டில் ராக்கில் கன்ஃபெஸ் ப்ராஜெக்ட் என்று ஒன்றைத் தொடங்கினார். முடிவெட்டுபவர்களுக்கு அந்த அமைப்பு பயிற்சி கொடுக்கிறது. குறுக்கே பேசாமல் கேட்பது, அடையாளங்களைக் கவனிப்பது, தன் கைக்கு மீறியது என்று தெரிந்தால் யாரிடம் அனுப்புவது. லூயிஸ் தன் மனச்சோர்வைப் பற்றிப் பேசாத மேடை கிடையாது. ஆனால் பேசி முடித்ததும் போகச் சொல்ல அவரிடம் ஓர் இடம் இருக்கிறது.

உங்கள் சக ஊழியர் விஷயம். "ஏன் அழுதீங்க" என்று கேட்காதீர்கள். சாப்பிடக் கூட்டிக்கொண்டு போங்கள், அந்த சலூன்காரர் பேசியது உங்களுக்குப் பிடித்திருந்தது என்று மட்டும் சொல்லுங்கள். பிடித்திருந்தால். அவராகப் பேச்சை எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள், எடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றும்படி ஏதாவது சொன்னால் மட்டும் தயங்காதீர்கள், நேரடியாகவே கேளுங்கள், 988 என்ற எண்ணை அப்போதே கூட இருந்து அழைக்க வையுங்கள். 2022 முதல் அமெரிக்கா முழுக்க அந்த எண் இயங்குகிறது.

சரி, செயலி. மூன்று பேரை அழைத்து அவர்கள் ரணத்தைத் திறந்து காட்ட வைத்துவிட்டு, கேட்டவர்கள் கையில் ஒரு சந்தாவைக் கொடுத்து அனுப்புவது மலிவான வேலை. அமெரிக்க உளவியலாளர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு நான்கைந்து பேர் அளவுக்குத்தான். கதை கேட்டு மனம் திறந்த ஒருவர் மறுநாள் தன்னைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு தெரபிஸ்ட்டைத் தேடினால் கிடைப்பது அவ்வளவு சுலபம் இல்லை. அடுத்த பிப்ரவரியிலும் கூட்டம் வைப்பார்கள். கேள்வி நேரத்தில் எழுந்து கேளுங்கள்: நம் நிறுவனம் தரும் காப்பீட்டில் கறுப்பினத் தெரபிஸ்ட்டுகள் எத்தனை பேர் இருக்கிறார்கள், முதல் சந்திப்புக்கு எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும், கைக்காசு எவ்வளவு போகும்? மேடையில் இருப்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. முதல் வரிசையில் மனிதவளத் துறையிலிருந்து யாராவது உட்கார்ந்திருப்பார்கள், அவர்களைப் பார்த்துக் கேளுங்கள்.

அன்புடன்.